முதல் ஓட்டு: பட்டியலிலிருந்து பீப் ஒலி வரை ஒரு நாட்குறிப்பு

2024 மார்ச் 16, சனி

தேதி அறிவித்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் முதல் கட்டத்திலேயே, ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. புதுச்சேரிக்கும் அன்றுதான். எண்ணிக்கை ஜூன் 4.

முதல் முறை ஓட்டுப் போடப் போகிறவர்கள் இன்றே பார்க்க வேண்டியது தேர்தல் தேதியை அல்ல, வேட்புமனுவின் கடைசி நாளான மார்ச் 27ஐ. அன்றோடு வாக்காளர் பட்டியல் மூடப்படும். அதன்பின் தேர்தல் முடியும்வரை யாரையும் சேர்க்கவோ நீக்கவோ சட்டம் இடம் தராது. விண்ணப்பம் வந்தவுடன் பெயரைச் சேர்த்துவிடவும் முடியாது. ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விட்டு, வீட்டுக்கு வந்து விசாரித்து, பிறகுதான் உத்தரவு. ஆகவே 27க்குச் சுமார் பத்து நாள் முன்னால் வந்த மனுக்களுக்கே இந்தத் தேர்தலில் வழி உண்டு. கணக்குப் பார்த்தால் இன்றும் நாளையும்தான் கையில் இருக்கிறது.

புதிதாகச் சேர படிவம் 6. ஏற்கெனவே பெயர் இருந்து வீடு மாறினாலோ, எழுத்துப் பிழை இருந்தாலோ படிவம் 8. புதிய வீட்டு முகவரிக்கு மறுபடியும் படிவம் 6 போடுகிறவர்கள் நிறைய. இரண்டு இடத்தில் பெயர் நிற்கும், அது குற்றம். விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரிலோ, கல்லூரி இருக்கும் ஊரிலோ, ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் சேரலாம். விடுதி முகவரி என்றால் கல்லூரி முதல்வரின் சான்று சேர்க்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மாணவருக்குத் தபால் ஓட்டு கிடையாது; இதை இப்போதே யோசித்து முடிவெடுங்கள்.

மார்ச் 21, வியாழன்

“கார்டு வந்துவிட்டது, பட்டியலை எதற்குப் பார்க்க வேண்டும்?” என்று கேட்கிறார்கள். ஓட்டுரிமையைத் தருவது அட்டை இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் அட்டை இல்லாமலும் ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டை இருந்தும் போட முடியாது. வாக்குச்சாவடி வாசலில் அழுதுகொண்டு திரும்புகிற பிள்ளைகளில் பலர் இந்த ஒன்று தெரியாமல் வந்தவர்கள்தான்.

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். 1950க்கு அழைத்தும் கேட்கலாம். சட்டமன்றத் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி இருக்கும் கட்டடம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாகம் எண்தான் எந்த அறை என்று சொல்லும். ஒரே பள்ளிக்கூடத்தில் நாலைந்து வாக்குச்சாவடிகள் இருக்கும்; அப்பா அம்மா பெயர் ஒரு பாகத்திலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பெயர் வேறு பாகத்திலும் இருக்கலாம். தப்பான வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதெல்லாம் இப்படித்தான்.

மார்ச் 30, சனி

மனுவை வாபஸ் வாங்கும் நேரம் முடிந்தது. மாநிலம் முழுக்க 950 வேட்பாளர்கள். கரூரில் மட்டும் 54 பேர்.

ஓட்டுப் போடுகிறவருக்கு இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம்? ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பெயர்தான் இடம்பெறும், நோட்டாவுக்கும் (யாருக்கும் ஓட்டு இல்லை என்பது) மொத்தத்தில் ஓர் இடம் வேண்டும். கரூரில் 54 பேரும் நோட்டாவும் சேர்ந்து 55, ஆக நான்கு கருவிகள் வரிசையாக நிற்கும். தென்சென்னையில் 41 வேட்பாளர்கள், மூன்று கருவிகள். மத்திய சென்னையில் 31 பேர். நோட்டாவோடு சரியாக 32, இரண்டோடு முடிந்தது. முதல் கருவியில் தேடிப் பெயர் காணவில்லை என்று பதறாமல் அடுத்ததைப் பாருங்கள். நோட்டா எப்போதும் கடைசிக் கருவியில், கடைசிப் பெயருக்குக் கீழே.

பெயர் வரிசைக்கும் ஒழுங்கு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில். அடுத்து பதிவு பெற்ற மற்றக் கட்சிகள். கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தமிழ் அகரவரிசை. ஒரே பெயரில் சிலர் நிற்கும் தொகுதிகளில் பெயரை மட்டும் பார்த்து அழுத்தாதீர்கள். சின்னமும் வேட்பாளரின் படமும் அதே வரியில் இருக்கின்றன, மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

விளவங்கோட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்கு அன்றைக்கு இரண்டு ஓட்டு: கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு ஒன்று, விளவங்கோடு சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று. கருவியில் ஒட்டியிருக்கும் தாள் மக்களவைக்கு வெள்ளை, சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்பு. ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே வந்தால் மற்றது போனதுதான்.

ஏப்ரல் 12, வெள்ளி

பூத் சிலிப் வீடு வீடாக வருகிறது. இதைக் கொண்டுபோனால் பெயரைத் தேடும் வேலை குறையும், வரிசை வேகமாக நகரும். ஆனால் இது அடையாளச் சான்று அல்ல. சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. சிலிப் வரவில்லை என்பதற்காக வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

வாக்காளர் அட்டை கைக்கு வராதவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்துப் போகலாம்: ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அட்டை, அரசு அல்லது பொதுத்துறை நிறுவனம் தந்த பணி அடையாள அட்டை, படத்தோடு கூடிய ஓய்வூதிய ஆவணம். இன்னும் மூன்று உண்டு, கல்லூரி வயதினரிடம் அவை இருப்பது அரிது. கவனிக்க வேண்டியது இந்தப் பட்டியலில் இல்லாதவற்றை. ரேஷன் கார்டு இல்லை. கல்லூரி அடையாள அட்டையும் இல்லை. முதல் முறை வருகிறவர் பையில் பெரும்பாலும் இருப்பது கல்லூரி அட்டைதான்.

அட்டையில் பெயரின் எழுத்து கொஞ்சம் மாறியிருந்தால் பயம் வேண்டாம். ஆள் அவர்தான் என்று தெரிந்தால் சின்னப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்பது விதி.

ஏப்ரல் 17, புதன்

மாலை 6 மணியோடு பிரச்சாரம் ஓய்ந்தது. பிரச்சாரம் ஓய்ந்ததும் வாட்ஸ்அப் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கும் சுற்றும் அதே செய்தி: “பட்டியலில் பெயர் இல்லையா? 49ஏ பிரிவின்படி ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டுப் போடலாம். 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு.” இரண்டுமே பொய். இதை நம்பிப் போகிறவர்கள் வாசலில் வீணாகச் சண்டை போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் பின்னால் நிற்பவர்களின் வரிசையும் நின்றுபோகிறது.

உண்மையில் இருப்பது இது. சேலஞ்ச் என்பது வேட்பாளரின் பூத் ஏஜெண்ட் செய்வது. “வந்திருப்பவர் அந்தப் பெயருக்குரிய ஆள் இல்லை” என்று அவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபம் நிற்கவில்லையென்றால் நீங்கள் ஓட்டுப் போடலாம்.

டெண்டர் ஓட்டு வேறு. உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் அடையாளத்தை நிரூபியுங்கள், 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அச்சடித்த வாக்குச்சீட்டு ஒன்று தருவார். அதில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தால் தனி உறையில் வைத்து மூடுவார்கள். அது கருவியில் பதியாது, வழக்கமான எண்ணிக்கையிலும் சேராது. வழக்கு வந்து நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் அந்த உறையைத் திறப்பார்கள். அப்படியென்றால் எதற்கு என்று கேட்கலாம். உங்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அரசின் பதிவேட்டிலேயே அது ஒரு சாட்சி. அதைப் பதியாமல் விட்டால் அந்தக் கள்ள ஓட்டே உங்கள் ஓட்டாக நின்றுவிடும்.

ஏப்ரல் 18, வியாழன்

கருவிகளும் அலுவலர்களும் சாவடிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாளை சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். கடையில், மில்லில் வேலை பார்க்கும் இளைஞர்கள் தயங்காமல் கேளுங்கள்.

செல்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாக்குச்சாவடிக்குள் அனுமதி இல்லை. சிலிப்பின் படத்தை மட்டும் போனில் வைத்திருப்பவர்கள் வாசலில் மாட்டிக்கொள்வார்கள், அதனால்தான் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் தாளில் எழுதச் சொன்னது. கட்சிச் சின்னம் பொறித்த சட்டை, துண்டு, பேட்ஜ் வேண்டாம். இடது ஆள்காட்டி விரலில் எண்ணெயோ கிரீமோ இருந்தால் துடைத்துவிட்டுத்தான் மை வைப்பார்கள்.

ஏப்ரல் 19, வெள்ளி, காலை

5.30க்கே சாவடிகளில் மாதிரி வாக்குப்பதிவு. ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, கருவியின் கணக்கையும் விவிபேட் (ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளையும் ஒப்பிட்டு, பிறகு எல்லாவற்றையும் அழித்து, பூஜ்யம் காட்டிவிட்டுத்தான் சீல் வைக்கிறார்கள். 7 மணிக்கு முதல் ஆள் உள்ளே போகும்போது கருவியில் ஒன்றும் இருக்காது.

அறைக்குள் நடப்பது இப்படி. முதல் அலுவலர் அடையாளத்தைப் பார்த்து, பட்டியலில் உங்கள் பெயரைச் சத்தமாக வாசிப்பார். ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்வார்கள். வாசிப்பது உங்கள் பெயர்தானா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டாம் அலுவலர் விரலில், நகத்தின் மேலிருந்து முதல் மூட்டு வரை கோடாக மை இழுப்பார். மைசூரில் அரசு நிறுவனம் தயாரிக்கும் மை இது. அதில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுக்கும். உடனே துடைக்காமல் காயவிடுங்கள். 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்கி ஒரு துண்டுச் சீட்டுத் தருவார். மூன்றாம் அலுவலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, விரல் மையைப் பார்த்துவிட்டு, கட்டுப்பாட்டுக் கருவியில் பேலட் பட்டனை அழுத்துவார். அவர் அழுத்திய பிறகே உங்கள் கருவி உயிர் பெறும்.

மறைப்புக்குள் பச்சை விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியாவிட்டால் எந்தப் பட்டனும் வேலை செய்யாது, அங்கிருந்தே சொல்லுங்கள். எரிந்தால், விரும்பிய பெயருக்கு நேரே உள்ள நீலப் பட்டனை அழுத்துங்கள். பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். கண்ணை உடனே விவிபேட்டின் கண்ணாடி ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும், பின் அறுந்து பெட்டிக்குள் விழும். அதன் பிறகு நீளமாக ஒரு பீப். அந்த ஒலி கேட்கும்வரை நகரக் கூடாது.

முதல் முறை வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். சிவப்பு விளக்கைப் பார்த்த நிம்மதியில் திரும்பிவிடுகிறார்கள், சீட்டைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் அழுத்தியதும் பதிந்ததும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்க்க இந்த நாட்டில் உங்களுக்குக் கிடைப்பது அந்த 7 விநாடிதான். சீட்டில் வேறு பெயர் வந்ததாகத் தோன்றினால் தலைமை அலுவலரிடம் எழுத்தில் புகார் தரலாம். ஏஜெண்டுகள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போடவைப்பார். புகார் பொய் என்றால் ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். சந்தேகம் உறுதியாக இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

மதியம்

“சின்னப் பையனாக இருக்கிறாயே” என்று நிறுத்துகிற சம்பவம் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. பட்டியலில் பெயரும் அடையாளமும் சரியாக இருந்தால் வயதுச் சந்தேகத்துக்காகத் திருப்பி அனுப்ப முடியாது. 18 நிறைந்துவிட்டது என்று ஓர் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு அனுமதிக்க வேண்டும். பொய்யாக எழுதினால் ஓராண்டுவரை சிறை. நிஜமாகவே வயது வந்தவர் தலைநிமிர்ந்து எழுதிக் கொடுக்கலாம்.

“நீங்கள் ஊர் மாறிப்போனதாகக் குறித்திருக்கிறது” என்று சொன்னாலும் அதோடு முடிந்துவிடவில்லை. வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என ஒரு தனிப் பட்டியல் அலுவலரிடம் இருக்கும். அதில் பெயர் இருந்தால் கூடுதலாகச் சரிபார்த்து, கையெழுத்தோடு கைரேகையும் வாங்குவார்கள். ஓட்டை மறுக்க மாட்டார்கள். முதன்மைப் பட்டியலிலேயே ‘நீக்கம்’ என்று அடித்திருந்தால்தான் வழியில்லை.

விவிபேட் நின்றுபோனால் அதை மட்டும் மாற்றுவார்கள். ஓட்டுப் போடும் கருவி, கட்டுப்பாட்டுக் கருவி இரண்டில் ஒன்று பழுதானால் மூன்றையும் மாற்றி, மறுபடி மாதிரி ஓட்டு நடத்த வேண்டும், நேரம் பிடிக்கும். அதுவரை பதிந்தவை பழைய கட்டுப்பாட்டுக் கருவியில் பத்திரமாக இருக்கும். வரிசையை விட்டுப் போகாதீர்கள்.

மாலை 6 மணி

6 மணிக்கு வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. தலைமை அலுவலர் கையெழுத்திட்ட எண் சீட்டு தருவார், கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி வருவார். கடைசியில் நிற்பவருக்கு ஒன்றாம் எண். அவருக்குப் பின்னால் யாரும் வந்து சேர முடியாது. எவ்வளவு நேரம் ஆனாலும் அந்தச் சீட்டை விடாதீர்கள்.

ஏப்ரல் 20, சனி

நேற்றுப் பெயர் இல்லாமல் திரும்பியவர்கள் இந்த வாரமே படிவம் 6 எழுதுங்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, ஒரு படம், வீட்டில் ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் ஒருவரின் அட்டை எண் ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். உள்ளாட்சித் தேர்தலின் பட்டியலும் இந்தச் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. விண்ணப்பத்தின் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள், நிலை என்ன என்று பார்க்க அது வேண்டும்.