எம்ஜிபிக்கு ஒரு ஜோடி கண்ணாடி

என்னுடைய எம்ஜிபி ரோட்ஸ்டர், மேற்புறம் திறந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1967-ல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் செய்தது, வலதுபக்க ஸ்டீயரிங். என் கைக்கு வந்தபோது பின்னால் பார்க்கிற வெளிக் கண்ணாடி எதுவும் இல்லை. டிரைவர் பக்க டோரில் மட்டும் மக்கு அடைத்து பெயின்ட் பூசிய இரண்டு துளைகள் இருந்தன. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் சைடு மிரர் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய சாமான். ஒருவர் டோரில் மாட்டினார், இன்னொருவர் முன் மட்கார்டில் மாட்டினார். அதனால் 'ஒரிஜினல் எது' என்று ஆராய்வதை இரண்டே நாளில் விட்டுவிட்டேன். வட்டக் கண்ணாடி, குரோம் தண்டு, காருடைய வயதுக்குப் பொருந்தினால் போதும் என்று முடிவு செய்தேன்.

மட்கார்டில் மாட்டும் ஆசை இருந்தது, மறுக்கவில்லை. ஜப்பானில் 1983 வரை உள்ளூர்க் கார்கள் எல்லாமே மட்கார்டுக் கண்ணாடியோடுதான் ஓடின. அந்த ஊர் ஸ்போர்ட்ஸ் காரான நிசான் ஃபேர்லேடி இசட் அப்படி நிற்கிற அழகே தனி. ஆனால் கண்ணாடி அவ்வளவு தள்ளி இருந்தால் பின்னால் வருகிற லாரியே தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிகிறது. தவிர, உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டித் திருப்பவும் முடியாது. டோரே சரி.

பழைய உதிரிச் சாமான் பெட்டி ஒன்றில் ஜோடி என்று சொல்லி இரண்டு கிடைத்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஜோடியே இல்லை. எஃகு ஸ்கேலை முகத்தில் குறுக்காக வைத்தேன். ஒன்றில் ஓரம் முதல் ஓரம் வரை ஒட்டி நின்றது, தட்டைக் கண்ணாடி. மற்றதில் ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு ஊஞ்சலாடியது. நடுவிலிருந்து 50 மி.மீ. தள்ளி இடைவெளி 1 மி.மீ. இருந்தது, கணக்குப் போட்டால் வளைவின் ஆரம் சுமார் 1250 மி.மீ. குவிகண்ணாடி அதிக இடத்தைக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கி, தூரத்தில் இருப்பதுபோல் ஏமாற்றும். யோசித்துப் பார்த்ததில் இந்த ஜோடிப் பொருத்தமின்மையே நல்லது என்று பட்டது: டிரைவர் பக்கம் தட்டை, இடப்பக்கம் குவி.

இரண்டின் உடம்பிலும் காந்தம் ஒட்டவில்லை. அடிப்பகுதியில் மறைவாகக் கீறிப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தால் பித்தளை என்று சந்தோஷப்பட்டிருக்கலாம்; சாம்பல் நிறம்தான் வந்தது. துத்தநாகக் கலவை வார்ப்பு. இதில்தான் அந்தப் பொரிப்பொரியான புள்ளிகள் வரும். அலங்காரக் குரோம் 1 மைக்ரான் கூட இருக்காது. அதன் நுண்ணிய வெடிப்புகள் வழியாகவும், கீழே நிக்கல் மெலிந்த இடங்கள் வழியாகவும் ஈரம் இறங்கி, உள்ளே துத்தநாகத்தை அரித்து, மேல் முலாமைக் கொப்புளமாகத் தூக்குகிறது. பாலிஷ் போட்டுத் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது. நான் தேய்த்தேன் என்பது வேறு விஷயம்.

முலாம் போடக் கொடுத்தேன். பழைய முலாமைக் கழற்றி, குழிகளைச் சுத்தம் செய்து, செம்பு ஏற்றித் தேய்த்து, மறுபடி செம்பு ஏற்றி, பிறகு நிக்கல், கடைசியாகக் குரோம். அமிலச் செம்புத் தொட்டியில் துத்தநாகத்தை நேராக முக்கினால் அதுவே கரையும் என்பதால் முதல் செம்புப் படலத்துக்கு சயனைடு கலந்த தொட்டி வேண்டும். ஆகவே வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது. தண்டில் இருந்த வார்ப்பெழுத்துகளைத் தேய்க்க வேண்டாம் என்று சீட்டு எழுதி ஒட்டி அனுப்பியும், ஒன்றில் எழுத்து மழுங்கித்தான் திரும்பி வந்தது. அதை இடப்பக்கம் மாட்டிவிட்டேன், என் கண்ணில் படாதே.

அடுத்தது கண்ணாடியின் ரசம். தட்டைக் கண்ணாடியின் ஓரம் முழுக்கக் கறுத்திருந்தது, பழைய நிலைக்கண்ணாடியில் வருகிற அதே கறுப்பு. 3 மி.மீ. கண்ணாடியில் புதிதாக வட்டம் வெட்டி வாங்கி, கையில் கிடந்த சிலிக்கான் பசையால் ஒட்டினேன். பளிச்சென்று இருந்தது. மூன்றாவது வாரம் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம்! பின்னால் நான் பசை வைத்த கோடு அப்படியே முன்னால் தெரிந்தது. காய்கிறபோது வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான், அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது பின்பூச்சைத் தாண்டி வெள்ளிப் படலத்தைத் தின்றிருக்கிறது. ஒட்டும்போதே அந்த வாடை மூக்கில் ஏறியது, எனக்குத்தான் உறைக்கவில்லை. இரண்டாவது வட்டம் வெட்டி, வாடையில்லாத நியூட்ரல் சிலிக்கானால் ஒட்டினேன். ஓரத்தில் முதலில் பெயின்ட் பூசிக் காயவைத்த பிறகுதான் ரப்பர் வளையத்துக்குள் இறக்கினேன்.

தண்டை இறுக்கும் சின்னத் திருகு ஒன்று காணவில்லை. 5 மி.மீ. மெட்ரிக் திருகை (எம்5) போட்டேன், ஒரு சுற்று சுகமாகப் போய் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, அதற்கு மேல் பலம் காட்டவில்லை. அது 2 பிஏ என்கிற பழைய பிரிட்டிஷ் அளவு மரை: விட்டம் 4.7 மி.மீ., மரையிடைத் தூரம் 0.81. எம்5-க்கு அது 0.8 என்பதால் முதலில் ஆசை காட்டி, பிறகு கழுத்தை அறுக்கும்.

துளை போடும் நாள்தான் பயம். அடைத்த பழைய துளைகளையே திறக்கலாம் என்றிருந்தேன். சீட்டில் உட்கார்ந்து, நண்பர் கண்ணாடியை அந்த இடத்தில் பிடித்தபோது முன் முக்கோண ஜன்னலின் செங்குத்துச் சட்டம் பாதிக் கண்ணாடியை மறைத்தது. முந்தைய சொந்தக்காரர் ஏன் கழற்றினார் என்று அப்போது புரிந்தது. சட்டத்துக்குப் பின்னால் நகர்த்தி, டேப் ஒட்டிக் குறித்தேன். ஜன்னலை முழுக்க இறக்கி, திருகின் நுனி கண்ணாடியில் உரசாது என்று பார்த்துவிட்டு 3 மி.மீ. துளையில் ஆரம்பித்தேன். வெட்டிய விளிம்புக்குத் துத்தநாக ப்ரைமர், அடியில் ரப்பர், டோருக்கு உள்ளே 2 மி.மீ. எஃகுத் தகடு. தகடு இல்லாமல் முதலில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி வேகமெடுத்ததும் பின்னால் வருகிற விளக்குகள் கோடு கோடாக நடுங்கின. வெறும் டோர்த் தகரமே தாளம் போடுகிறது.

இப்போது வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கம் மட்டும் காற்றில் மெல்ல மெல்லத் தலை குனிகிறது. பந்து மூட்டின் நைலான் கிண்ணம் தேய்ந்திருக்கிறது. சரியான அளவில் ஒன்று கடைய வேண்டும். அதுவரை ஒவ்வொரு சிக்னலிலும் இடப்பக்கம் சாய்ந்து, கை நீட்டி நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன்.