குப்பத்திலிருந்து கண்டிகோட்டாவுக்கு: தண்ணீரை வைத்துப் போட்ட கேரவன் திட்டம்

கிருஷ்ணகிரியில் ஆரம்பித்து குப்பம், வி.கோட்டா, பலமநேர், புங்கனூர், மதனப்பள்ளி, கதிரி வழியாக அனந்தபுரம் போகிறது தேசிய நெடுஞ்சாலை 42. குப்பத்துத் தமிழர்களான எங்களுக்கு அதில் மதனப்பள்ளி வரைதான் பழக்கம். தக்காளி மண்டிக்குப் போவோம், கல்யாணத்துக்குப் போவோம், திரும்பிவிடுவோம். அதைத் தாண்டிக் கதிரி என்றால் நரசிம்மர் கோயிலும் கடலை விதையும்தான் நினைவுக்கு வரும். இந்த ஜனவரியில் அந்தச் சாலையை அனந்தபுரம் வரை பார்த்துவிட்டு, அப்படியே தாடிபத்ரி, பேலம் குகை, கண்டிகோட்டா பள்ளத்தாக்கு வரை கேரவனில் போகலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

அனந்தபுரம் பாலைவனம் இல்லை. ஆனால் வருடத்துக்கு சுமார் 550 மில்லிமீட்டர் மழைதான். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையோ கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் வருவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. கதிரி தாண்டினால் பாறைக் குன்று, கடலைக் காடு, மறுபடியும் பாறைக் குன்று. கதிரியிலிருந்து அனந்தபுரம் சுமார் 90 கிலோமீட்டர். வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கப் போகிறவர்களுக்கு அந்த வெட்டவெளியில் முதல் கேள்வி தண்ணீர்தான்.

திட்டத்தை நாங்கள் ஆரம்பித்ததும் அங்கிருந்துதான். நான், மனைவி, அம்மா, மச்சான், அப்புறம் டிரைவர். எங்களுக்குப் பேசியிருக்கும் வண்டி டிரைவரோடு வருவது. டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டியது. அதன் தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர். பாத்திரம் கழுவ, முகம் கழுவ, கழிப்பறைக்கு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 75. ஆக, நிரப்பிய தொட்டி இரண்டு நாள் தாங்கும். இதில் குளியல் சேரவில்லை. கணக்கைக் கேட்டதும் அம்மா, "குளிக்கத் தண்ணி இல்லன்னா நான் வரலப்பா" என்று சொல்லிவிட்டார். அம்மா சொன்னது நியாயம். அதனால் முதல் இரவு கதிரி என்று முடிவாயிற்று. கோயில் ஊர், லாட்ஜுகள் உண்டு. ஒரே ஒரு அறை எடுத்தால் எல்லோரும் குளிக்கலாம், டிரைவர் கட்டிலில் படுத்துத் தூங்கலாம், காலையில் கேட்டுக்கொண்டு தொட்டியையும் நிரப்பிக்கொள்ளலாம். மறுநாள் முழுக்க வண்டி ஓட்டப்போகிறவருக்கு நல்ல தூக்கம் வேண்டும். கேரவன் திட்டம் போடும் பலர் டிரைவருக்கு எங்கே படுக்கை என்று யோசிப்பதே இல்லை.

குடிக்கும் தண்ணீர் தனி. அனந்தபுரம் வட்டாரத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பழைய பிரச்சினை. போர் தண்ணீர் கழுவத்தான். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன். அதை ஊருக்கு ஊர் வாட்டர் பிளான்ட்டில் மாற்றிக்கொள்ளலாம். தொட்டியும் கேன்களும் நிரம்பினால் 200 கிலோவை நெருங்குகிறது. அதனால்தான் மச்சான் ஆசைப்பட்ட மடக்கு மேசையும் பெரிய அடுப்பும் பட்டியலிலிருந்து போயின.

மின்சாரத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: ஏசியை நம்பி இந்தப் பக்கம் போகவே கூடாது. 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் கையில் இருப்பது 2.4 யூனிட். ஒரு டன் ஏசி இரண்டு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். அதே பேட்டரி சின்ன ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, விளக்குகளுக்கு ஒரு நாள் தாராளமாக வரும். சரி, அப்படியானால் ஏசி தேவைப்படாத மாதத்தில்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் இங்கே 40 டிகிரி சாதாரணம். ஜனவரி இரவில் ஸ்வெட்டரே கேட்கும். சங்கராந்திக்கு ஆந்திரா முழுக்க ஊருக்குப் போகும் கூட்டம் சாலையில் இருக்கும் என்பதால், அது அடங்கிய பிறகு கிளம்புகிறோம். வெளிமாநில வாடகை வண்டி ஆந்திராவுக்குள் வர அகில இந்திய சுற்றுலா பெர்மிட் வேண்டும். அதன் தேதியைப் பார்த்துவிட்டோம்.

கதிரிக்குப் பக்கத்தில் திம்மம்மா மர்ரிமானு இருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து ஏக்கருக்கு விழுது விட்டுப் பரவிய ஆலமரம், 1989-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கிராமத்துச் சாலையில் உயரமான வண்டியைக் கொண்டுபோய்க் கிளைகளில் உரச வைக்க எனக்கு மனமில்லை. வண்டியைக் கதிரியில் விட்டுவிட்டு ஆட்டோ பேசிக்கொள்வோம். லேபாட்சியை இந்த முறை சேர்க்கவில்லை. அந்தக் கோயிலுக்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும்.

எனக்கு அதிக ஆவல் பேலம் மீதுதான். தாடிபத்ரியிலிருந்து 30 கிலோமீட்டர். கண்டறிந்த நீளம் 3,229 மீட்டர். அதில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பார்க்கலாம். 1884-இலேயே ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபூட். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டான குகை இது. நம் வீட்டுச் சமையல் மேடைக்கும் அலமாரிக்கும் போடுகிற கடப்பா கல்லும் இந்தச் சுண்ணாம்புக் கல் சீமையிலிருந்துதான் வருகிறது. அடுத்து கண்டிகோட்டா: எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போன இடம். இவ்வளவு வறண்ட நாட்டில் நாங்கள் தேடிப் போகும் இரண்டு பெரிய காட்சிகளுமே தண்ணீர் செய்த வேலை. அந்தப் பெண்ணாறும், எங்கள் குப்பம் வட்டாரம் வழியாக வாணியம்பாடிக்குப் போகும் பாலாறும், கிருஷ்ணகிரி அணைக்கு வரும் தென்பெண்ணையும் கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் சாலையில் வரும் ஒவ்வொரு மணல் ஆறும் வேறு மாதிரி தெரியும் என்று நம்புகிறேன்.

கண்டிகோட்டா இரவுக்கு ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதியில் அம்மாவுக்கும் மனைவிக்கும் அறை கேட்கப் போகிறேன். அனுமதித்தால் வண்டி அந்த வளாகத்திலேயே நிற்கும். பள்ளத்தாக்கின் விளிம்பில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, காற்றும் பலமாக அடிக்கும். விளிம்புக்கு அருகில் வண்டியை நிறுத்தித் தூங்குவது போல் படம் பார்த்துவிட்டு மச்சான் ஆசைப்பட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழிவுத் தொட்டியையும் அந்தப் பாறைகளில் திறக்கக் கூடாது. ஜம்மலமடுகிலோ வீட்டுக்கு வந்தோ காலி செய்யலாம். வண்டிக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லி, அடைப்பு வால்வு ஒழுகாமல் இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.