கோயில்ல இருந்து வந்தவளாக்கும்

"அப்பம் இன்னைக்கி நீ கோயில்ல இருந்து வந்தவளாக்கும்" என்று, நான் போகும் வீடுகளில் ஒன்றில் படுக்கையில் கிடக்கும் பாட்டி சொன்னதை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்று, ஏறத்தாழ ஓராண்டு கடந்தும் எனக்குத் தெளிவாகவில்லை. நம் ஊர்ப் பேச்சில் இந்த 'ஆக்கும்' என்னவெல்லாம் செய்யும் என்பதைக் குமரி மாவட்டத்துக் கல்குளத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெருமையாகவும் வரும், குத்தலாகவும் வரும், ஒன்றுமே இல்லாமல் வாக்கியத்தை முடித்துவைக்கவும் வரும். பக்கவாதம் வந்ததிலிருந்து பாட்டியின் பேச்சு ஏற்ற இறக்கமின்றி ஒரே தட்டில் வருவதால், குரலை வைத்தும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

நான் பதினெட்டு ஆண்டுகளாகச் செவிலியர்; எங்கள் பங்குக் கோயிலில் மூன்று ஆண்டுகளாக நற்கருணைப் பணியாளர்; பூசையில் கிறிஸ்துவின் உடலாக அர்ச்சிக்கப்படும் அப்பத்தைக் கோயிலுக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவள். குருக்களல்லாத பொதுநிலையினர் நற்கருணை வழங்க 1973இலேயே உரோமை அனுமதி தந்துவிட்டது என்றாலும், ஒரு பெண் நற்கருணை வைத்த சிமிழைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதை எங்கள் பங்கில் சிலர் இன்னும் பழகிக்கொள்ளவில்லை. "சாமியாரு வரலியா?" என்று வாசலிலேயே கேட்பவர்கள் உண்டு. அந்தப் பாட்டி ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என்னை முதன்முதலில் பார்த்தபோதே, "ஆஸ்பத்திரியில வேல பாக்க பிள்ளைதானே, ஒனக்குக் கை நடுங்காது" என்றுதான் வரவேற்றார்.

அன்று ஞாயிறு. முதல் பூசை முடிந்து ஆறு வீடுகளுக்கான நற்கருணையுடன் நான் புறப்பட்டபோது மணி ஏழே கால் இருக்கும். ஒன்பது மணிக்கு நாகர்கோவிலில் பணி. பாட்டியின் வீடு நான்காவது. மருமகள் பிள்ளைகளை வேதபாடத்துக்குக் கொண்டுவிட்டு, அப்படியே இரண்டாம் பூசைக்கு நின்றுவிட்டார், மகன் வளைகுடாவில். நான் வருவேன் என்பதற்காகக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்களே தவிரப் பூட்டவில்லை. சாய்ப்பில் கட்டில். பக்கத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் மெழுகுவர்த்தியும் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. மெழுகுவர்த்தியை மட்டும் நான்தான் பற்றவைத்தேன்.

உள்ளே நுழையும்போதே மணத்தில் தெரிந்துவிட்டது. மெத்தை நனையாதிருக்கப் பழைய திருவிழா பிளெக்ஸ் ஒன்றை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்து, அதன்மேல் ஒரு பருத்திப் புடவையை இரண்டாக மடித்துப் போட்டிருந்தார்கள். பிளெக்ஸ் ஈரத்தை மெத்தைக்குள் இறங்க விடாது. ஆனால் இறங்காத ஈரம் முழுவதும் படுத்திருப்பவரின் தோலோடுதான் நிற்கும். பாட்டியின் இடுப்புக்குக் கீழே புடவை கனத்துப்போய், பிளெக்ஸின் ஓரச் சுருக்கத்தில் சிறுநீர் தேங்கி நின்றது.

"மக்களே, இந்தத் துணியை ஒண்ணு மாத்தித் தாறியா? இப்பிடிக் கெடந்துட்டு நன்மை வாங்கப்பிடாதுல்லா" என்றார். நற்கருணையை 'நன்மை' என்பதுதான் எங்கள் வழக்கம்.

"அதுக்கு ஒண்ணும் இல்ல பாட்டி, ஆண்டவர் மனசைத்தான் பாப்பாரு. மருமக இப்பம் வந்துருவாங்க" என்றேன் நான்.

பாட்டி என் முகத்தையும் பிறகு என் கழுத்தில் கிடந்த சிமிழையும் பார்த்தார். அப்போது சொன்னதுதான் முதலில் எழுதிய வாக்கியம். அதன் பிறகு அவர் தாமாகவே கண்ணை மூடிக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டார். நான் செபங்களைத் தொடங்கினேன். "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன்" என்று சொல்லும் இடத்தில் அவருடைய வாய் எனக்கு முன்பாக ஓடியது. நாக்கில் நன்மை வைத்தேன். தண்ணீர் இரண்டு மடக்குக் கொடுத்தேன். நான் அந்த வீட்டில் இருந்தது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்காது.

அருவருப்பு காரணமல்ல. பதினெட்டு ஆண்டுகளில் அதை நான் எப்போதோ கடந்துவிட்டேன். எங்கள் வார்டில் நனைந்த விரிப்பு மாற்றுவது சிந்திக்காமல் கை செய்கிற வேலை. நோயாளியை ஒருபுறமாகத் திருப்பி, பழைய விரிப்பை நீளவாக்கில் முதுகோடு சுருட்டித் தள்ளி, துடைத்து, புதிய விரிப்பின் பாதியைச் சுருட்டி அதனருகே ஒட்டி வைத்து, அந்த மேட்டின்மேல் மறுபுறம் திருப்பினால், பழையது கையோடு வந்துவிடும். புதியதை இழுத்துச் செருகினால் முடிந்தது. இருவர் சேர்ந்தால் நான்கு நிமிடம், ஒருவர் தனியே செய்தால் ஏழெட்டு நிமிடம். அலமாரியில் மாற்றுப் புடவை இருந்தது. கொல்லைக் குழாயில் தண்ணீர் வந்தது. என் பையிலேயே கை சுத்திகரிக்கும் திரவமும் இருந்தது. எல்லாம் இருந்தும், தெரிந்த வேலையை அன்று நான் செய்யவில்லை.

எனக்குச் சில நியாயங்கள் உண்டு. அவற்றையும் வைக்காவிட்டால் நான் என்னையே ஏமாற்றியவள் ஆவேன். பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது, நற்கருணையை எடுத்துச் செல்பவர் வழியில் நிற்காமல், வேறு அலுவல் பார்க்காமல், வீணாகப் பேசாமல் நேரே நோயாளியிடம் போக வேண்டும் என்பதுதான். கழுத்தில் சிமிழ் தொங்கும்போது குனிந்து ஒருவரைத் திருப்ப முடியாது. அதைக் கழற்றி எங்கே வைப்பது? அடுத்து, ஆறாவது வீட்டுப் பெரியவர். அவருக்குச் சர்க்கரை. நற்கருணைக்கு முன் உண்ணாதிருக்க வேண்டிய ஒரு மணி நேர ஒழுங்கு நோயாளிகளுக்கும் முதியோருக்கும் கட்டாயமில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காமல், இன்சுலினைப் போட்டுக்கொண்டு, நன்மை வாங்கிய பிறகுதான் பச்சைத் தண்ணீர் என்று காத்துக் கிடப்பார். நான் பத்து நிமிடம் தாமதித்தால் அவருக்குத் தலை சுற்றும். இது சாதாரண நியாயம் அல்ல. செவிலியராக நான் கணக்கில் எடுக்க வேண்டியது.

ஆனால் பாட்டியிடம் அந்தப் பதிலைச் சொன்ன நேரத்தில் அந்தப் பெரியவர் என் நினைவில் இல்லை. தெரு முக்கில் சிலுவை நிற்கும் குருசடியைக் கடக்கும்போதுதான் அவர் நினைவு வந்தது. வந்ததும் எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. நேரமின்மையும் அப்படித்தான். அன்று எட்டு நாற்பதுக்கெல்லாம் நான் மருத்துவமனையில் இருந்தேன். உடை மாற்றிவிட்டு கேன்டீனில் உட்கார்ந்து சாயா குடித்தேன்.

மாலையில் பணி முடிந்ததும் அந்த வீட்டுக்கு நேரே போனேன். மருமகள் பூசையிலிருந்து திரும்பியதும் துணி மாற்றி, வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டிருந்தார். "ஒரு நாளு பூசை காணணும்னு போனேன் சேச்சி, வந்து பாத்தா இப்பிடிக் கெடக்காவ" என்று, என்னவோ அவர் எனக்குக் கணக்குக் காட்ட வேண்டியதுபோலச் சங்கடப்பட்டார். காலையிலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாட்டி உறக்கத்தில் இருந்தார். முதுகைப் பார்க்கிறேன் என்று கேட்டுத் திருப்பினேன். வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தம் பட்டால் வெளிறிவிட்டு மீண்டும் சிவக்க வேண்டும், வெளிறவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் நிலை அது. தோல் இன்னும் உடையவில்லை. அந்தச் சிவப்பு அன்று காலை ஈரத்தில் வந்ததா, ஒரு வாரமாகவே இருந்ததா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் வரும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் முறையைச் செய்து காட்டி, பிளெக்ஸுக்கும் உடலுக்கும் இடையே மொத்தமான துணி போடச் சொல்லிவிட்டு வந்தேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

சில நாள் கழித்துப் பங்குத்தந்தையிடம் இதைச் சொன்னேன். பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்தில் அல்ல, அலுவலக அறையில்தான். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை: "மேசையில் திருமேனித்துகிலை விரித்து, அதன்மேல் சிமிழை வைத்துவிட்டு, துணியை மாற்றியிருக்கலாமே? பிறகு கையைக் கழுவிவிட்டு நன்மை கொடுப்பது." இவ்வளவு எளிதான பதில் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. திருமேனித்துகில் என் பையில் இருந்தது, மேசை இருந்தது, அதில் வெள்ளைத் துணிகூட விரித்திருந்தது. 'எங்கே வைப்பது' என்று நான் மேலே கேட்ட கேள்வி, அறைக்குள் நின்றபோது எனக்கு எழவே இல்லை. பின்னால் நான் கட்டிக்கொண்டது. அதை இதே கட்டுரையில் நியாயமாக எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று யோசித்து, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் அன்று காலை என்னிடம் இருந்தது ஒருவித உயர்ந்த மனநிலை. வெளிர் நிறப் புடவை, கழுத்தில் சிமிழ், வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்று நெற்றியில் சிலுவை போட்டது, எல்லாம் சேர்ந்து, வாரத்தின் ஆறு நாளும் நான் செய்கிற வேலைக்கு மேலான ஒரு வேலையில் இருப்பதாக எனக்குத் தோன்றியிருந்தது. துணி மாற்றுவது அந்த ஆறு நாளைச் சேர்ந்தது. சீருடையில் இருந்திருந்தால் அவர் கேட்பதற்கு முன்பே மாற்றியிருப்பேன். அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக வார்டில் அதைச் செய்தது நானா, சீருடையா என்ற சந்தேகமும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது.

திருப்பலியின் கடைசியில் குருவானவர் நம்மைச் 'சென்று வாருங்கள்' என்று அனுப்புகிறார். இலத்தீன் பூசையில் அனுப்பிவைக்கும் அந்தச் சொல்லான 'மிஸ்ஸா' என்பதே மேற்கில் பூசைக்குப் பெயராகிவிட்டது. நற்கருணைதான் கிறிஸ்தவ வாழ்வு முழுவதற்கும் ஊற்றும் உச்சியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதியதைப் பயிற்சியில் எங்களுக்குக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். கோயிலில் கிறிஸ்துவின் உடலைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி நிற்கும் அவரைக் கண்டுகொள்ளாமல் போகாதே என்று 4ஆம் நூற்றாண்டிலேயே அந்தியோக்கியாவில் புனித யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கம் செய்ததையும் குறிப்பெடுத்திருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்துகூட நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வசனங்களெல்லாம் வழிபாட்டை ஒருபுறமும் சேவையை ஒருபுறமும் வைத்து, இதிலிருந்து அதற்குப் போகச் சொல்வதாகவே நான் புரிந்துவைத்திருந்தேன். பாட்டி கேட்டது அப்படியல்ல. 'எனக்குச் சேவை செய்' என்று அவர் கேட்கவில்லை. நன்மை வாங்க ஏற்றபடி தம்மை ஆக்கித் தரும்படிதான் கேட்டார். துணி மாற்றுவது அவருக்குப் பூசையின் பகுதியாகவே இருந்தது. ஆண்டவர் மனத்தைத்தான் பார்ப்பார் என்று சொல்லி அதைக் குறைத்தவள் நான். அந்த அறையில் கோயிலில் இருந்து வந்தவர் யார் என்று கேட்டால், கட்டிலில் கிடந்தவரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இயேசு பன்னிரு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வருகிறது. பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016இல் உரோமையிலிருந்து ஆணை வந்தபின் ஓர் ஆண்டு நானும் அந்தப் பன்னிருவரில் ஒருத்தியாக உட்கார்ந்தேன். முந்திய இரவே பாதங்களைக் கல்லில் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான். அழுக்குப் பாதத்தோடு யாரும் வரவில்லை. கழுவப்படுவதற்கு முன்பே சுத்தமாகிவிட வேண்டும் என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. எனக்கு என் வீட்டுக் குழாயும் கையும் காலும் இருந்தன. பாட்டிக்கு நான்தான் இருந்தேன்.

சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, அதுவும் ஞாயிறு. நான் அப்போது செவிலியர் பள்ளி மாணவி. கோயில் கூடங்கள் முகாம்களாகி, பாய் விரித்த இடமெல்லாம் காயம்பட்டவர்கள் கிடந்தபோது, எது கோயில் வேலை, எது ஆஸ்பத்திரி வேலை என்று பிரித்துப் பார்த்ததாக நினைவில்லை. இதை எழுதும்போதே, பேரிடர் நாளின் தாராளத்தைச் சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு அளவுகோலாக வைப்பது சரியா என்றும் தோன்றுகிறது. அன்று யாருக்கும் ஆறாவது வீடு இல்லை.

புனித தேவசகாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தில் ஒருவர். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்து, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்ட அந்தப் பொதுநிலையினர் 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டதிலிருந்து எங்கள் ஊர் மறையுரைகளில் அவர் இல்லாத வாரம் குறைவு. அவரை நான் மதிக்கிறேன். ஆனால் என் சிக்கலுக்கு அவர் உதவவில்லை. விசுவாசத்தின் பக்கம் நின்றால் வேலையும் போகும், உயிரும் போகும் என்ற நிலை அவருக்கு. என் விசுவாசமும் என் வேலையும் அன்று ஒரே செயலைத்தான் கேட்டன. நான் இரண்டில் எதற்கும் அதைச் செய்யவில்லை.

என்னுடன் வேலை பார்க்கும் ஒரு தோழி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நீ கோயில்ல இருந்துதானே போன? அதைத்தான் அவங்க சொல்லியிருக்காங்க. இதுல என்ன இருக்கு?" என்றாள். அப்படியும் இருக்கலாம். இன்றைக்கு உன்னை வேறு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள், உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று என்னை விடுவிக்கும் விதமாகக்கூடப் பாட்டி அதைச் சொல்லியிருக்கலாம். அப்படி நினைக்கும் நாட்களில்தான் எனக்கு அதிகம் கனக்கிறது.

அவரிடமே கேட்டுவிடலாம். சிவப்பு ஆறிவிட்டது, நினைவும் தெளிவாகவே இருக்கிறது. அதற்கடுத்த மாதத்திலிருந்தே என் முறை வரும் ஞாயிறுகளில் மருமகள் வீட்டிலேயே நிற்கிறார். விரிப்பு உலர்ந்திருக்கிறது, பாட்டி தலை வாரிக் காத்திருக்கிறார், நன்மை வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்கிறார். கழுத்தில் சிமிழ் கிடக்கும்போது வேறு பேச்சுப் பேசக் கூடாது என்பதால் நான் கேட்பதில்லை. அன்று மாலைக்குப் பிறகு சிமிழ் இல்லாமல் அந்த வீட்டுக்கு நான் போனதும் இல்லை. வருகிற ஞாயிறு மறுபடியும் என் முறை. ஆறு வீடுகள், பாட்டி நான்காவது.