வவுச்சர் வந்த பிறகுதான் வீடு தேடும் படலம் தொடங்கியது

கணவர் இறந்த பிறகு நியூ ஜெர்சியில் இரண்டு பிள்ளைகளோடு வாடகை கட்டத் திணறிக்கொண்டிருந்தேன். ‘செக்‌ஷன் 8’ என்று இங்கே எல்லோரும் சொல்லும் வாடகை வவுச்சரைப் பற்றி எனக்குச் சொன்னவர் பிள்ளைகளின் பள்ளி ஆலோசகர். நம்மவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அரசாங்க உதவி வாங்குவது குடும்பத்துக்கு இழுக்கு என்று மூடிவைக்கிறோம். அந்த எண்ணம் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்ட திட்டம் இது. பணம் மத்திய வீட்டுவசதித் துறையுடையது. நடத்துவது உள்ளூர் வீட்டுவசதி ஆணையமோ மாநில அரசோ. கழிவுகள் போக நம் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் நம் பங்கு. மீதி வாடகை நேராக வீட்டு உரிமையாளருக்கே போய்விடும். ஆனால் தகுதி இருந்தாலே கிடைத்துவிடாது. தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் வாடகை உதவி எட்டுகிறது. காத்திருப்போர் பட்டியல் எப்போதோ திறக்கும், சில நாட்களில் மூடிவிடும். பல இடங்களில் பெயர் சேர்வதே குலுக்கலில்தான். ஒரே பட்டியலை நம்பாமல் பல ஆணையங்களில் விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் அது மோசடி. முகவரி மாறினால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ஆணையத்தின் கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

எனக்கு முறை வர ஆண்டுகள் ஆயின. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், என் கிரீன் கார்டு எல்லாம் கேட்டார்கள். வீட்டில் ஒருவருக்குத் தகுதியான குடியேற்ற நிலை இல்லை என்பதற்காக மொத்தக் குடும்பத்தையும் தள்ளிவிடுவதில்லை. உதவித்தொகையை அந்த விகிதத்தில் குறைப்பார்கள்.

வவுச்சர் கைக்கு வந்ததும் வீடு தேட குறைந்தது 60 நாள் அவகாசம் தர வேண்டும். அது முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்கலாம். நான் கேட்டு வாங்கினேன். தேடல்தான் என்னை வாட்டியது. நம் ஊர்க்காரர் ஒருவர், “அந்தத் தொல்லையெல்லாம் நமக்கு வேண்டாம், தங்கச்சி” என்று போனை வைத்துவிட்டார். வவுச்சரைக் காரணம் காட்டி வீடு மறுப்பது நியூ ஜெர்சியில் சட்டவிரோதம். மாநிலத்தின் குடிமை உரிமைப் பிரிவில் புகார் செய்யலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு 1,900 டாலர் வாடகையில் ஒரு வீடு அமைந்தது. அதன் மேலாளர், வாடகையைப் போல் மூன்று மடங்கு, அதாவது மாதம் 5,700 டாலர், வருமானம் வேண்டும் என்றார். என் சம்பளம் 2,400. இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரிடம் ஓடினேன். மொத்த வாடகையை வைத்து அப்படிக் கேட்கக் கூடாது, குடியிருப்பவர் தரும் பங்கை வைத்தே கணக்கிட வேண்டும் என்று அவர் விளக்கினார். என் பங்கு 700 டாலருக்குச் சற்றுக் குறைவு. மூன்று மடங்கு என்றாலும் 2,100-ஐத் தாண்டாது. அவர் எழுதிய ஒரு பக்கக் கடிதம் போதுமானதாக இருந்தது. மேலாளர் ஆணையத்தின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்.

அடுத்தது வீட்டுச் சோதனை. படுக்கையறை ஜன்னல் திறக்கவில்லை, புகை எச்சரிக்கைக் கருவி ஒலிக்கவில்லை. முதல் முறை தேறவில்லை. தேறும்வரை ஆணையம் ஒரு காசும் தராது. ஆகவே அதற்கு முன் சாமான்களை ஏற்றிவிடாதீர்கள், பழைய வீட்டுக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிடாதீர்கள்.

முன்பணத்தை வவுச்சர் தருவதில்லை. இந்த மாநிலத்தில் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதுவே எனக்கு 2,850 டாலர். அக்கா அனுப்பிய பணத்தில்தான் அதைக் கட்டினேன். வாய்ப்புள்ளவர்கள் வவுச்சருக்குக் காத்திருக்கும் ஆண்டுகளிலேயே இதற்குச் சிறிது சேர்த்து வையுங்கள்.

சம்பளம் கூடினால் வவுச்சர் போய்விடும் என்று பயந்து கூடுதல் வேலையை மறுத்த பெண்களை அறிவேன். எனக்குச் சென்ற ஆண்டு வேலை நேரம் கூடியது. ஆணையத்துக்குத் தெரிவித்தேன். என் பங்கு உயர்ந்தது, வவுச்சர் தொடர்கிறது.