கென்டன் வீதியின் இரு கரைகள்: பிரென்டும் ஹரோவும்

இலண்டனின் வடமேற்கில் உள்ள கென்டன் வீதியில் நின்று பார்த்தால் எல்லை எதுவும் கண்ணில் படாது. வடக்குப் பக்கம் ஹரோ கவுன்சிலுக்கும் தெற்குப் பக்கம் பிரென்ட் கவுன்சிலுக்கும் உரியவை. ஆனால் இரு பக்கத் தெருக்களிலும் 1930களில் கட்டப்பட்ட, ஒரு சுவரைப் பகிர்ந்து இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும் அதே சோடி வீடுகள்தான், வளைந்து முன்தள்ளிய அதே முன்னறைச் சன்னல்களோடு நிற்கின்றன. தெற்குப் பக்கத்தில் ஏழு ஆண்டுகள் ஓர் அறையில் வாடகைக்கு இருந்துவிட்டு, பின்னர் வடக்குப் பக்கம் குடிவந்தவன் நான். நடந்து போனால் பத்து நிமிடத் தூரம். கவுன்சில் வரி கூடியது, வாக்களிக்கும் இடம் மாறியது. கடைத்தெருவும் பேருந்தும் மாறவில்லை. அதனாலேயே இந்த இரண்டு நகரசபைப் பகுதிகளின் குடிசன மதிப்பீட்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் ஆர்வம் எனக்கு நெடுநாளாக இருந்து வந்தது.

2021 மார்ச் 21 அன்று எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி பிரென்டில் ஏறத்தாழ 3,39,800 பேரும் ஹரோவில் 2,61,200 பேரும் வாழ்ந்தார்கள். பத்தாண்டு வளர்ச்சி பிரென்டில் 9.2 சதவீதம், ஹரோவில் 9.3 சதவீதம்; கிட்டத்தட்ட ஒன்றேதான். நெருக்கத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. சதுர கிலோமீற்றருக்கு பிரென்டில் சுமார் 7,860 பேர், ஹரோவில் சுமார் 5,180 பேர். ஹரோவின் வடபகுதியில், ஸ்டான்மோரையும் ஹரோ வீல்டையும் சுற்றி, கட்டடம் எழுப்ப விடாமல் காக்கப்படும் பசுமை வளையம் இருப்பது இதற்கு ஒரு காரணம். முக்கியமான காரணம் எந்தக் காலத்தில் எந்த வகை வீடு கட்டப்பட்டது என்பதுதான்.

இன்றைய பிரென்ட், வெம்பிளி, வில்ஸ்டன் என்ற இரண்டு நகரசபைகளை இணைத்து 1965இல் உருவாக்கப்பட்டது. வில்ஸ்டனும் கில்பர்னும் நகர மையத்துக்கு அருகில் இருந்தமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடர்வரிசை வீடுகளால் நிரம்பிவிட்டன. வேலை தேடி வந்த ஐரிஷ் மக்களும், போருக்குப் பின் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களும் அந்த வீடுகளில்தான் அறை அறையாகக் குடியேறினார்கள். ஹரோவின் கதை வேறு. மெட்ரோபொலிட்டன் ரயில்பாதை 1880இல் ஹரோ-ஒன்-த-ஹில்லை எட்டியது. தண்டவாளத்தை ஒட்டிய உபரி நிலத்தை வைத்துக்கொண்டு, வீட்டுமனையாக்கி விற்க அந்த நிறுவனத்துக்கு இருந்த உரிமையின் பயனாக, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் 'மெட்ரோலேண்ட்' என்ற விளம்பரப் பெயரோடு புறநகர் எழுந்தது. வெம்பிளியின் வடபகுதியும் அதே அலையில் எழுந்ததுதான். கென்டன் வீதியின் இரு கரைகளும் ஒன்றுபோல் இருப்பதற்கு அதுவே காரணம். அவ்வீடுகள் கடன் எடுத்துச் சொந்தமாக வாங்கும் குடும்பத்துக்கென்றே கட்டப்பட்டவை. வாடகைக்கென்று அங்கே அதிகம் எதுவும் கட்டப்படவில்லை.

இந்த வேறுபாட்டின் விளைவை வீட்டு உரிமை பற்றிய எண்களில் காணலாம். 2011 கணக்கெடுப்பில் ஹரோவின் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை சொந்த வீட்டில் இருந்தன. பிரென்டில் அது பாதியைக்கூட எட்டவில்லை. கவுன்சிலிடமோ வீட்டுவசதிச் சங்கங்களிடமோ வாடகைக்கு இருந்தோர் பிரென்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, ஹரோவில் பத்தில் ஒரு பங்கு. இந்தப் பத்தில் ஒன்று என்ற எண்ணைப் பலர் ஹரோவின் வசதிக்குச் சான்றாகவே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கவலை தரும் எண். ஹரோவில் ஏழைகள் இல்லை என்பது அதன் பொருளன்று. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அங்கே தனியார் வாடகையைத் தவிரப் போக்கிடம் இல்லை என்பதே பொருள். பிரென்டில் சோக்ஹில், ஸ்டோன்பிரிட்ஜ் போன்ற பெரிய கவுன்சில் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றின் கொங்கிறீற் கட்டடங்கள் பின்னர் இடிக்கப்பட்டாலும், அந்த இடங்களில் மீண்டும் குறைந்த வாடகை வீடுகள் வந்தன. ஹரோவில் தொடக்கத்திலேயே குறைவாக இருந்த கவுன்சில் வீடுகளை, குடியிருப்போர் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ள இடம் தந்த 1980ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் குறைத்தது. வீட்டுக்காரர் வீட்டை விற்கத் தீர்மானித்தால், இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் குடும்பம் கவுன்சில் ஏற்பாடு செய்யும் தற்காலிக இருப்பிடத்தில் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேரும் என்பதை, கவுன்சிலிடம் எஞ்சியிருக்கும் வீடுகளின் அளவு பெருமளவு தீர்மானிக்கிறது.

மக்களின் கணக்கையும் வீடுகளின் கணக்கோடு சேர்த்து வைத்தே படிக்க வேண்டும். 2021இல் பிரென்டில் பிரித்தானியாவுக்கு வெளியே பிறந்தோர் 56.1 சதவீதம்; இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் அதுவே மிக உயர்ந்த விகிதம். தம்மை ஆசியர் என்று பதிந்தோர் அங்கே பத்தாண்டுகளில் 34.1 சதவீதத்திலிருந்து 32.8 சதவீதமாகக் குறைய, ஹரோவில் 42.6 சதவீதத்திலிருந்து 45.2 சதவீதமாகக் கூடினார்கள். 1972இல் இடி அமீன் உகண்டாவிலிருந்து வெளியேற்றிய குஜராத்திக் குடும்பங்கள் பலவும், 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த நம்மவர் பலரும் முதலில் வெம்பிளியில் அறை எடுத்து, பணம் சேர்ந்ததும் வடக்கே வீடு வாங்கிப் போன பாதையின் தடம் அந்த எண்களில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதை எண்கள் நேரடியாகச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் திருமண வீடுகளில் மாறி வரும் முகவரிகள் எனக்குச் சொல்கின்றன. படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், சீனர் என்றெல்லாம் தனிக் கட்டம் இருக்க, இலங்கைத் தமிழர் 'வேறு ஆசியர்' என்ற கட்டத்துக்குள்தான் போக வேண்டியிருக்கிறது. மொழி பற்றிய கேள்வியில்தான் நாம் வெளிப்படுகிறோம்: 2011இல் ஹரோவில் ஆங்கிலத்துக்கும் குஜராத்திக்கும் அடுத்ததாக நின்றது தமிழ். 2014இல் ருமேனியர் மீதான வேலைக் கட்டுப்பாடுகள் நீங்கியபின் இரு பகுதிகளிலும் அவர்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தார்கள். நாங்கள் விட்டுச் சென்ற அதே அறைகளில்தான் அவர்களில் பலர் இன்று இருக்கிறார்கள்.

அந்த அறைகளில் ஒன்றை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். சோடி வீட்டின் மேல்மாடியில், வாசல் நடைக்கு மேலே இருப்பதைப் 'பொக்ஸ் ரூம்' என்பார்கள். கீழிருந்து ஏறும் படிக்கட்டுக்குத் தலை இடிக்காமல் இடம் விட வேண்டியிருப்பதால், அறையின் ஒரு மூலையில் தரை உயர்ந்து மரப்பெட்டி போல மேலெழுந்து நிற்கும். அந்தப் பெட்டியின் மேல் பலகை அடித்து, அதையே கட்டிலின் கால்மாடாக்கி, அடியில் பெட்டிகளைத் தள்ளி நான் வாழ்ந்தேன். கதவை முழுதாகத் திறக்க முடியாது. வீட்டுக்கார அக்கா தன் இரு பிள்ளைகளோடு பெரிய அறையில். அவருடைய அண்ணனும் மனைவியும் பின்னறையில். கீழே முன்னறையில் இன்னும் இரண்டு தம்பிமார். "தம்பி, ஆறு மணிக்கு முதல் குளிச்சிடுங்கோ" என்பார் அக்கா. ஆறுக்குப் பிறகு பிள்ளைகளின் முறை. எட்டுப் பேர் வாழ்ந்த மூன்று படுக்கையறை வீடு அது. பலர் பகிர்ந்து வாழும் உரிமம் பெற்ற வீடுகளில் தனி ஒருவர் உறங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீற்றர் இருக்க வேண்டும் என்ற விதி 2018இல்தான் வந்தது. 2011இல் இரு பகுதிகளிலும் ஒரு வீட்டுக்குச் சராசரி 2.8 பேர், இங்கிலாந்துக்கு 2.4. படுக்கையறையாக மாற்றப்பட்ட அறைகளையும் சேர்த்து எழுதும்படி படிவம் கேட்கிறது. மாற்றியதாக ஒப்புக்கொள்ளத் தயங்கும் வீட்டில் முன்னறை முன்னறையாகவே எழுதப்படும். ஆகவே நெருக்கடி பற்றிய எண்ணை நான் எப்போதும் குறைந்தபட்ச அளவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி வரும் பத்தாண்டுகளில் இரு பகுதிகளின் நெருக்கத்துக்கும் இடையிலான இடைவெளி விரியும். இலண்டன் மேயரின் நகர வளர்ச்சித் திட்டமான 2021ஆம் ஆண்டு 'இலண்டன் திட்டம்' பத்து ஆண்டுகளுக்கு பிரென்டுக்கு 23,250 வீடுகளையும் ஹரோவுக்கு 8,020 வீடுகளையும் இலக்காக வைத்தது. வெம்பிளி விளையாட்டரங்கைச் சுற்றியும் அல்பேர்டன் கால்வாய்க் கரையிலும் எழுந்துள்ள தொடர்மாடிகளைப் பார்த்தால், பிரென்ட் தன் பங்கைச் சுமந்திருப்பது தெரிகிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு படுக்கையறை கொண்டவை. விளையாட்டரங்கை ஒட்டியவற்றில் பல, விற்பதற்கல்லாமல் வாடகைக்கென்றே கட்டப்பட்டவை. அக்காவின் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது அந்த வீடன்று.

அக்கா 2000களின் நடுவில் ஹரோவில் வீடு வாங்கிக் குடிபெயர்ந்தார். அன்றைய விலையில் இரண்டு சம்பளத்தோடு அது இயன்றது. அவருடைய மூத்த மகன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான். பெற்றோர் வாங்கிய வீட்டைப் போன்ற ஒன்றை அதே தெருவில் வாங்க அவனால் முடியவில்லை. சென்ற ஆண்டு அவனும் மனைவியும் வெம்பிளியில் பதினொராம் மாடியில் ஒரு படுக்கையறை வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். சாவி வாங்கிய அன்று அக்கா பால் காய்ச்சக் கிண்ணத்தோடு வந்திருந்தார். சன்னலருகே நின்று, தான் அறைகளை வாடகைக்கு விட்ட பழைய வீட்டுக் கூரை எந்தத் திசையில் இருக்கும் என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார்.