பதிவேட்டில் ஏறாத சாலை

மலேசியாவின் பேரா மாநிலத்துத் தெற்கே, பீடோர் வட்டாரத்தில் சாலைப் பராமரிப்புப் பிரிவின் தொழில்நுட்ப உதவியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய என்னிடம் தோட்டத்து மக்கள் ஓயாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. “டவுன் ரோட்டுக்கு வருசா வருசம் பிரிமிக்ஸ் போடுறீங்களே ஐயா, எங்க ரோட்டை மட்டும் ஏன் எட்டிப் பார்க்க மாட்டேங்கிறீங்க?” அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் விடை எங்கள் அலுவலகத்தில் இல்லை. பணம் வரும் வழியில் இருந்தது.

பீடோரின் ஊடே செல்லும் 1ஆம் எண் சாலையும் தெலுக் இந்தானை நோக்கிப் பிரியும் 58ஆம் எண் சாலையும் கூட்டரசுச் சாலைகள் என்பதால் அவற்றின் செலவைக் கூட்டரசே, அதாவது மத்திய அரசே, ஏற்கிறது. மாநிலச் சாலைகளுக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவும் பத்தாவது அட்டவணையும் ஆண்டு மானியத்தை வகுத்துள்ளன. குறைந்தபட்சத் தரத்தில் ஒரு மைல் சாலையைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவை, மானியத்துக்குத் தகுதி பெற்ற சாலைகளின் நீளத்தால் பெருக்கித் தீபகற்ப மாநிலங்களுக்கான தொகை கணக்கிடப்படுகிறது. அந்தச் சாலைகளின் விவரங்கள் மாரிஸ் எனப்படும் சாலைப் பதிவேட்டில் உள்ளன. அதில் ஏறாத சாலை எத்தனை பேருக்குப் பயன்பட்டாலும் மானியக் கணக்கில் வராது.

தோட்டத்துச் சாலைகளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவை நிர்வாகங்கள் தங்கள் நிலத்தில், தங்கள் தேவைக்காகப் போட்டவை. அப்படியொரு சாலையை அளவுச் சக்கரத்தை உருட்டியபடி, நெடுஞ்சாலைச் சந்திப்பிலிருந்து மாரியம்மன் கோயிலைக் கடந்து தமிழ்ப்பள்ளி வாசல் வரை அளந்திருக்கிறேன். பாதி வழியில் மதகுக் குழாய்கள் இணைப்பில் விலகி, மேலிருந்த மண் உள்ளிறங்கியிருந்தது. பள்ளத்தில் யாரோ உடைந்த ஓடுகளைக் கொட்டி, பிள்ளைகளின் சைக்கிள் விழாதிருக்க ஒரு கம்பையும் நட்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு ஒரு லோரி கல் அனுப்பவும் எங்களுக்கு அதிகாரமில்லை. தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைச் செலவிட்டால் கணக்காய்வில் கேள்வி எழும், எழவும் வேண்டும்.

வழி இல்லாமலும் இல்லை. உரிமையாளர் சாலைக்கான நிலத்தை மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி அது பொதுத் தேவைக்கான நிலமாக அரசிதழில் அறிவிக்கப்பட வேண்டும். பிறகு சாலையைத் தரத்துக்கு உயர்த்தி, அளந்து, பதிவுக்கு அனுப்பலாம். மேலே நான் சொன்ன சாலைக்குத் தோட்ட மேலாளர் வாய்மொழியாக இசைந்தார். தலைமையகத்தின் கடிதம் வருவதற்குள் தோட்டம் கைமாறியது. புதிய உரிமையாளரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதாயிற்று.

பதிவு பெற்ற சாலைக்கும் ஒரு குறை உண்டு. சராசரிச் செலவு என்ற அளவுகோலுக்கு எந்தச் சாலையில் எவ்வளவு பாரம் ஓடுகிறது என்பது தெரியாது. வெட்டிய செம்பனைக் குலையை ஏறக்குறைய ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் குறையும் என்பதால், மழையிலும் லோரிகள் நிற்பதில்லை. நீர் ஊறிய அடித்தளத்தின் மீது அந்தப் பாரம் ஏறுகிறது. வண்டியின் ஒரு சக்கர அச்சின் மீதுள்ள பாரம் இரட்டித்தால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது, 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் தொடங்கிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் கைக்கொண்ட கணக்கு. கார்கள் மட்டும் ஓடும் சாலைக்கும் ஆலைக்குச் செல்லும் சாலைக்கும் ஒரே சராசரியைப் பொருத்துவது முறையல்ல என்பதே என் உறுதியான கருத்து.

சாலையை அகலப்படுத்தவும் புதிதாக அமைக்கவும் வரும் பணம் வேறு. அது ஐந்தாண்டுக்கான மலேசியத் திட்டத்தின் வழி வருகிறது. 2025 ஜூலை 31இல் நாடாளுமன்றத்தில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டம் 2026 முதல் 2030 வரைக்கானது. ஐந்தாண்டுத் திட்டம் என்றாலும், அதற்குள் ஆண்டுதோறும் கோரிக்கைகள் பரிசீலிக்கப்படுகின்றன. நான் கண்டவரை, நிலச் சிக்கல் தீராத கோரிக்கைகளே முதலில் ஓரம் கட்டப்பட்டன. ஆகவே ஆலயக் குழுவினரும் பள்ளியின் பெற்றோர் சங்கத்தினரும் மனு கொண்டு வரும்போதெல்லாம், குண்டும் குழியுமான சாலையின் படங்களோடு நில எண்ணையும் வரைபடத்தையும் இணைக்கச் சொல்வேன். தோட்ட நிலத்தைக் கூறுபோடவோ வீட்டு மனையாக மாற்றவோ விண்ணப்பம் வரும்போது, சாலையை ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. மாவட்ட நில அலுவலகத்தில் அத்தகைய விண்ணப்பம் வந்திருப்பதாகத் தெரிந்தால், ஒப்புதல் கையெழுத்தாகும் முன்பே குடியிருப்பாளர்கள் தங்கள் மனுவை அங்கே சேர்த்துவிட வேண்டும்.