இரண்டு பூட்டு, ஒரு வளையம்

மார்ச் 11, 2024, திங்கள்

சபைச் சங்கத்தில் பொறுப்பு மாற்றம் என்றால் சால்வை போடுவது என்று நினைக்கிறார்கள். வேலை சால்வைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. தீர்மான நகல் வங்கிக்குப் போக வேண்டும். புதுக் கையொப்பத்தைச் சேர்க்க ஒரு கடிதம், பழையதை நீக்கத் தனியாக இன்னொன்று (சேர்த்துவிடுவார்கள், நீக்க மறப்பார்கள்). மாவட்டப் பதிவாளருக்குப் படிவம் 7. வெளிநாட்டு நிதி வாங்குவதால் உள்துறை அமைச்சகத் தளத்தில் எஃப்.சி. 6இ படிவம், 45 நாளுக்குள். அப்புறம் வருமான வரித் தளம், பி.எஃப். தளம். எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. போவது பழைய செயலர் அண்ணாச்சியின் சொந்தக் கைபேசிக்கு. அவர் மகளைப் பார்க்கப் பெங்களூரு போனால் சங்கமும் கூடவே ரயிலேறிவிடுகிறது.

சங்கத்தின் பெயரில் ஒரு சிம் வாங்க வேண்டும். மின்னஞ்சல் பதவியின் பெயரில் இருக்கட்டும், ஆள் பெயரில் வேண்டாம்.

இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் ஒரே வளையத்தில்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்றுத் தேர்தல் தேதி அறிவித்தாயிற்று. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கத்தைக் காகிதமில்லாமல் எடுத்துப்போனால் இனிப் பறக்கும் படை பிடிக்கும். காணிக்கைப் பணம் என்று வாயால் சொன்னால் போதாது. எண்ணிக்கைத் தாளின் நகல், நிரப்பிய வங்கிச் சலான், சங்கக் கடிதம், கொண்டுபோகிறவரின் அடையாள அட்டை எல்லாம் பைக்குள் இருக்கட்டும்.

இந்தச் சாக்கில் எண்ணும் முறையையும் எழுதி ஒட்டியாயிற்று. ஆராதனை முடிந்த கையோடு, அதே கட்டிடத்தில் எண்ணுவது. உறவினரல்லாத இருவர், மாதம் ஒருமுறை ஆள் மாற்றம். 500, 200, 100 என்று நோட்டு வாரியாகத் தாள். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்திலேயே இருவரும் சுருக்கொப்பம். உறைமேல் எழுதிய தொகைக்கு ஒரு பத்தி, உள்ளே இருந்த தொகைக்கு ஒரு பத்தி. எண்ணுகிறவர் ஏட்டில் எழுதக் கூடாது, எழுதுகிறவர் எண்ணக் கூடாது.

காணிக்கைப் பையிலிருந்து எலக்ட்ரீஷியனுக்கு எடுத்துக் கொடுக்கவே கூடாது. 800 ரூபாய்தானே என்பார்கள். வரவில் 800 குறையும், செலவிலும் 800 குறையும், கை இருப்பு மட்டும் ஒரு பைசா பிசகாமல் நிற்கும். இருப்பு சரியாக இருப்பதால்தான் தணிக்கையில் அகப்படாது.

மார்ச் 18

கட்டிட நிதி 4,20,000. ஏட்டில் இருக்கிறது.

மார்ச் 20, புதன்

வங்கியில் இல்லை.

கண்டுபிடித்த விதம் எளிது. ஒரு தாளில் இடப்பக்கம் நிதிகள்: கட்டிட நிதி, படிப்புதவி நிதி, பணிக்கொடை நிதி, விடுதிப் பிள்ளைகளின் வைப்பு. வலப்பக்கம் வங்கி இருப்பும் வைப்புத்தொகைகளும். வலம் இடத்தைவிடக் குறைந்தால் ஒருவருக்கென்று வந்த பணத்தை வேறொருவருக்குச் செலவழித்திருக்கிறோம். அரை மணி நேர வேலை. 22 வருடமாக யாரும் செய்யவில்லை. பொதுக்குழுவில் வரவு செலவை வாசிப்பார்கள், இருப்புநிலைக் குறிப்புக்கு வரும்போது அசனம் (சபை விருந்து) தயார் என்று குரல் வந்துவிடும்.

களவில்லை. களவாக இருந்தால் புகார் கொடுத்துவிட்டுப் போகலாம். மானியம் தாமதமான மூன்று மாதம் சம்பளம் போட அண்ணாச்சி எடுத்திருக்கிறார். நல்ல மனதோடு, வாய்ச்சொல்லில், தீர்மானமில்லாமல். திருப்பி வைக்க நாளும் குறிக்கவில்லை. கொடுத்தவர்களுடைய ரசீதில் "கட்டிட நிதிக்காக" என்று நம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதை மாற்ற அவர்கள் சம்மதம் வேண்டும். செயலரின் நல்ல மனது அதற்கு ஈடாகாது.

இனி செய்ய வேண்டியது: முழுத் தொகையைக் குழுவின் முன் வைப்பது. பொதுக் கணக்கு கட்டிட நிதிக்குப் பட்ட கடன் என்று தீர்மானம், மாதம் 35,000, 12 தவணை. அந்த நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு. பெருந்தொகை கொடுத்தவர்களுக்கு, அவர்கள் கேட்கும் முன்னே, கடிதம். கடிதத்தில் "நிர்வாகக் காரணங்களால்" என்ற சொல் வரக் கூடாது. எவ்வளவு எடுத்தோம், எதற்கு, எப்போது திரும்பும் என்று எழுதினால் போதும்.

வெளிநாட்டு நிதியிலிருந்து எடுத்து ஓசைப்படாமல் அடைத்துவிடலாமே என்று குழுவில் ஒருவர். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் டெல்லி நாடாளுமன்ற வீதி எஸ்.பி.ஐ. கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் உச்சம். உள்நாட்டுப் பணத்தோடு கலப்பதும் மீறல். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை.

மார்ச் 21

பி.எஃப். பிப்ரவரி சலான் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்கிறது. ஸ்தோத்திரம்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

வேதாகமத்தின் 2 இராஜாக்கள் 12ஐ எடுத்துக்காட்டி, வேலையாட்களுக்குக் கொடுக்கப் பணம் வாங்கியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்களே என்று ஒருவர் வாதாடினார். 15ஆம் வசனம், சரி. அதே அதிகாரத்தில் மேலே போனால், யோவாஸ் ராஜாவின் 23ஆம் வருஷம் வரை ஆலயம் பழுதுபார்க்கப்படவே இல்லை. அதனால்தான் மூடியில் துவாரமிட்ட பெட்டி வந்தது. பணம் மிகுந்தபோது ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் இருவருமாக வந்து எண்ணிக் கட்டினார்கள். அரண்மனையிலிருந்து ஓர் ஆள், ஆலயத்திலிருந்து ஓர் ஆள். ஒருவர் மட்டும் எண்ணியதாக அங்கே எழுதியிருக்கவில்லை. 15ஆம் வசனத்துக்கு முன்னால் 10ஆம் வசனம் இருக்கிறது.

அண்ணாச்சியிடம் சாவியைக் கேட்கவில்லை. பரிசுத்த வாரம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. ஏட்டைத் திறக்கவில்லை.

மார்ச் 30, சனி

நிதியாண்டு நாளை முடிகிறது, நாளைதான் ஈஸ்டர். வருஷத்தின் பெரிய காணிக்கை ஞாயிறு மாலைக்குள் கையில் இருக்கும். திங்கள் ஆண்டுக்கணக்கு முடிப்பு, வங்கியில் பொதுமக்களுக்கு வேலை நடக்காது. செவ்வாய்தான் செலுத்த முடியும். அதற்காக இதை ஏப்ரல் வரவில் எழுதக் கூடாது. 31ஆம் தேதி வரவு, 31ஆம் தேதி கை இருப்பு. இவ்வளவு ரொக்கம் ஏன் என்று தணிக்கையாளர் கேட்பார். 31 மாலை நோட்டு வாரியாக எண்ணிய சான்று, இருவர் கையொப்பம், நேரம், ஏப்ரல் 2 சலான் எல்லாவற்றையும் ஒன்றாகக் குத்தி வைத்தால் கேள்வி அங்கேயே முடியும்.

விடுதிக்கு இருபது இரும்புக் கட்டில் இன்றே வாங்கிவிடலாம் என்று ஒரே பரபரப்பு. வருமானத்தில் 85 சதவீதம் செலவாக வேண்டும் என்ற விதியை யாரோ பாதி சொல்லியிருக்கிறார்கள். மீதி உள்ளதை, இன்ன காரியத்துக்கென்று குறித்து, படிவம் 10 கெடுவுக்குள் கொடுத்து, ஐந்து வருடம் வரை சேர்த்து வைக்கலாம். கடைசி வாரத்தில் வாங்குகிற சாமானுக்கு விலைப்புள்ளியும் இருக்காது, வைக்க இடமும் இருக்காது. தச்சருக்கு 14,000 ரொக்கமாகக் கொடுக்கப் பார்த்தார்கள், நிறுத்தியாயிற்று. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கணக்கில் அது செலவாகவே ஏறாது.

மார்ச் 31

எண்ணினோம். இரவு 7.40. பெட்டியில் வைக்க வளையம் வந்தது, அண்ணாச்சி கையிலேயே.

ஏப்ரல் 3

வெளிநாட்டு நிதி உரிமப் புதுப்பிப்புக்கு இன்னும் பதிலில்லை. நிலுவையில் உள்ளவர்களுக்கு ஜூன் 30 வரை நீட்டிப்பு. மூச்சு விடலாம், மூன்று மாதத்துக்கு.

ஏப்ரல் 4

மூச்சு விடக் கூடாது. உரிமம் முடிந்துபோனால் புதுப் பணம் வாங்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். கணக்கில் கிடக்கிற பழைய பணத்தையும் தொட முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கிலிருந்து சம்பளம் வாங்குகிறவர்கள் ஒன்பது பேர். மூன்று மாதச் சம்பளத்துக்காவது உள்நாட்டுப் பணம் தனியாக இருக்க வேண்டும். அந்த ஒன்பது பேரிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். கடைசி நாளில் சொல்வதைவிட இன்று சொல்வது நல்லது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் இந்தியப் பணத்திலேயே நடத்துவது என்று வைத்துக்கொண்டதை ஜூபிலி மலர்களில் பெருமையாகப் போடுகிறோம். பிடி அரிசிக் காணிக்கையின் கணக்கைத்தான் யாரும் புரட்டுவதில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

சமையல் அக்கா மே மாதம் ஓய்வு. அடிப்படையும் பஞ்சப்படியும் 18,000. 22 வருடம். 18,000 × 15 ÷ 26 × 22. 2,28,462 ரூபாய். இது அன்பளிப்பு இல்லை, கடன். கூட்டத்தில் கவரில் வைத்துக் கொடுத்துக் கைதட்ட வேண்டாம். வங்கியில் போட்டுவிட்டு, பிறகு மாலை போடட்டும்.

பணிக்கொடை நிதியில் இருப்பது 1,90,000. மறுபடி அந்தத் தாள், மறுபடி வலப்பக்கம்.

ஏப்ரல் 10

சுற்றுச்சுவருக்கு மூன்று விலைப்புள்ளி. மூன்றும் ஒரே கணினியில் அடித்தவை, ஒரே எழுத்துப்பிழை. குறைந்த தொகை குழு உறுப்பினரின் மைத்துனருடையது. மைத்துனர் என்பதற்காகத் தள்ள வேண்டியதில்லை. உறவை எழுத்தில் தெரிவித்து, அந்த உறுப்பினர் அறையைவிட்டு வெளியே போய், அவர் போனதும் திரும்பியதும் குறிப்பேட்டில் பதிவாகி, விலை சந்தை விலைக்குள் இருந்தால் கொடுக்கலாம். சந்தை விலைக்கு மேல் போனால் 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சங்கத்தின் விலக்கையே கேள்விக்குள்ளாக்கும். மைத்துனருக்கு ஒன்றும் ஆகாது.

விலைப்புள்ளிகளை நாமே நேரில் போய் வாங்குவது என்று தீர்மானம்.

ஏப்ரல் 13, சனி

யாத்திராகமம் 38, ஆசரிப்புக் கூடாரம் கட்டிய கணக்கு. ஆளுக்கு அரைச் சேக்கல் வெள்ளி, 6,03,550 பேர். 100 தாலந்தும் 1,775 சேக்கலும். ஒரு தாலந்து 3,000 சேக்கல் என்று போட்டால் கூட்டு சரியாக வருகிறது. நூறு தாலந்து கூடாரத்தின் நூறு அடிப்பாதங்களுக்கு, மீதி 1,775 கொக்கிகளுக்கும் பூண்களுக்கும். கொக்கி வரை எழுதியிருக்கிறது. செய்தவன் பெசலெயேல், கணக்கு இத்தாமாரின் பொறுப்பில்.

ஏப்ரல் 15, திங்கள்

விடுதி உரிமம், தீயணைப்புச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் முடியும் தேதி போட்டு அலுவலகச் சுவரில் பலகை.

வார்டன் கையேட்டில் ஒரு பக்கம் கிழித்தெடுத்தாயிற்று. பிள்ளைகள் சம்பந்தமான புகார் வந்தால் முதலில் செயலருக்கு, பிறகு விசாரணைக் குழு, பிறகு பேராயருக்கு என்று இருந்தது. ஒரு பிள்ளை பாலியல் தொல்லை என்று சொன்னால் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் நேரே காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்ல வேண்டும். நாம் விசாரித்து உண்மையா என்று பார்த்த பிறகு அல்ல. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்கவும் கூடாது. தன் கீழ் வேலை பார்க்கிறவர் செய்ததை நிறுவனத் தலைவர் தெரிந்தும் சொல்லாவிட்டால் ஓராண்டு வரை சிறை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில், சாப்பாட்டு அறையில் எழுதவும். அலுவலகத்தில் எழுதி என்ன பயன்.

"சபையின் நற்பெயர்" என்ற சொல் அந்தப் பழைய பக்கத்தில் நான்கு இடத்தில் இருந்தது. பிள்ளை என்ற சொல் இரண்டு இடத்தில்.

ஏப்ரல் 16

சாவியைக் கேட்டாயிற்று. "என்னை நம்பலியா?" என்றார் அண்ணாச்சி. நம்புவதால்தான் என்று சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நாளைக்கே ஒரு தொகை குறைந்தால் இரண்டு சாவியும் வைத்திருப்பவர் தான் எடுக்கவில்லை என்று எப்படிக் காட்டுவார்? ஒரு சாவி இருந்தால் இன்னொருவர் சாட்சி.

ஏப்ரல் 17, புதன்

வளையத்திலிருந்து ஒன்றைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பேசவில்லை.

பெட்டியைப் பொருளாளரோடு திறந்து பட்டியல் எடுத்தோம். பத்திரங்கள் 7, வைப்புச் சீட்டு 5, ரசீதுப் புத்தகம் 1 முதல் 44 வரை. 31 இல்லை.